ராத்திரி மட்டும் ஒழுகும் கியர் ஆயில்: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காருக்கு 17 வயது. கியர் மாறுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு எண்ணெய். ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸை இறக்கி ஃபுல் ஓவர்ஹால் பண்ணணும்" என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. இப்போதைக்கு எதையும் இறக்க விடாதீர்கள். கியர் வழுக்காமல், இழுக்காமல் சரியாக விழுகிறது என்றால் உள்ளே கிளட்ச் தட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஓவர்ஹால் உள்ளே தேய்ந்ததற்குச் செய்யும் வேலை. ஒழுகுவதோ பெரும்பாலும் வெளிப்பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஆயில் சீல் அல்லது ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். ஒழுகும் இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

முதலில் அது கியர் ஆயில்தானா என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு எண்ணெய்தான் ஓடுகிறது. ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்து, சில நாள் கழித்துப் பாருங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று அதில் குறித்துவிடுங்கள். காலையில் கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கிலிருந்து (எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி) ஒரு சொட்டை அதே அட்டையில் கறைக்குப் பக்கத்தில் விடுங்கள். பழைய கியர் ஆயில் பழுப்பேறி என்ஜின் ஆயில் போலவே தெரியும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ராத்திரி மட்டும் ஏன் ஒழுகுகிறது? என்ஜின் ஓடும்போது கியர்பாக்ஸின் பம்ப் எண்ணெயை உறிஞ்சி, என்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை நிரப்பி வைக்கிறது. வண்டி நின்றபின் அந்த எண்ணெயில் ஒரு பகுதி மெல்ல மெல்லக் கீழே பேனுக்கு (கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டு) இறங்கிவிடும். விடிவதற்குள் பேனில் மட்டம் உயர்ந்து, ஓடும்போது எண்ணெய்க்கு மேலே இருந்த சீல்கள் இப்போது மூழ்கி நிற்கும். கியர் லீவர் கேபிள் வந்து சேரும் செலக்டர் ஷாஃப்ட்டின் சீல், வயரிங் பிளக்கின் ஓ-ரிங், டிப்ஸ்டிக் குழாயின் அடி ஓ-ரிங், இந்த மூன்றும்தான் முதல் சந்தேகம். ஸ்டார்ட் செய்ததும் மட்டம் இறங்கும், ஒழுகல் நிற்கும். ஓடும்போது ஒழுகினால் கதை வேறு: எண்ணெயை ஆற்றும் கூலருக்குப் போகும் குழாய், அதன் ஹோஸ் க்ளாம்ப், முன்பக்க பம்ப் சீல் என்று அழுத்தம் உள்ள இடங்களைத் தேட வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்க அழுக்கைக் கழுவியே ஆக வேண்டும். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், நிற்கும்போது அது கீழே வழியும். அதனால் அதிகம் நனைந்த இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நனைந்ததிலேயே எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் இருப்பதைத்தான் தேட வேண்டும். என்ஜின் ஆறியபின் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, காயவிட்டு, அரைமணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

அடுத்தது ஆயில் மட்டம். ஒழுகலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம், கூடுதலாக ஊற்றினால் மூழ்கக் கூடாத சீலும் மூழ்கும். பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில், என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பல பழைய ஹோண்டாக்களில் மட்டும் இது தலைகீழ். சூடாக்கி, என்ஜினை ஆஃப் செய்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நடக்கும் கூத்து கொஞ்சமல்ல. ஹோண்டாவை ஓடவிட்டுப் பார்த்தால் மட்டம் குறைவாகத் தெரியும், உடனே அரை லிட்டர் ஊற்றுவார்கள், ஒரு மாதத்தில் "சீல் போச்சு சார்" என்பார்கள். மற்ற வண்டிகளைக் காலையில் ஆஃபில் பார்த்தால் மட்டம் அதிகமாகத் தெரியும், உடனே வடித்துவிடுவார்கள். பிறகு பம்ப் காற்றை உறிஞ்சி கிளட்ச் கருகும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன முறை என்று நீங்களே படித்துவிட்டுப் போங்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியென்றால் குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டப் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். வாகன ஓட்டி ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடியதைப் பிடுங்கிவிட்டு, "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று விற்ற கம்பெனிகளின் புண்ணியம்.

செலக்டர் ஷாஃப்ட் சீல் என்று உறுதியானால், பல கியர்பாக்ஸ்களில் இறக்காமலே மாற்றலாம். லீவரும் நியூட்ரல் சுவிட்சும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கோடு போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும். சுவிட்ச் கொஞ்சம் நகர்ந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது கியரில் ஸ்டார்ட் ஆகும். பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழக் கூடாது. ஷாஃப்ட்டில் துரு இருந்தால் நைஸ் எமரித் தாளால் தேய்த்து, புது சீலின் உதட்டில் கியர் ஆயில் தடவி, அதே விட்டமுள்ள பாக்ஸ் ஸ்பானரால் நேராகத் தட்டி இறக்க வேண்டும். ஓ-ரிங் "தனியாக வராது, அசெம்ப்ளிதான்" என்று சொன்னால் பழையதை அளந்து, உள் விட்டமும் தடிமனும் சொல்லி வெளியே வாங்குங்கள். நைட்ரைல் ரப்பர் போதும், சூடு அதிகமுள்ள இடத்தில் 'விட்டான்' ரப்பர் நல்லது. தண்ணீர்க் குழாய்களுக்குப் போடும் இ.பி.டி.எம். ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

பேன் கேஸ்கெட்டில் ஈரம் தெரிந்தால் ஸ்பானரைப் போட்டு முறுக்காதீர்கள். அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். அதிகம் முறுக்கினால் பேனின் விளிம்பு போல்ட் ஓட்டையைச் சுற்றி வளைந்து, இன்னும் ஒழுகும்.

"ஸ்டாப் லீக்" டப்பாவை நீட்டுவார்கள். அது ரப்பரை உப்ப வைக்கும் மருந்து. காய்ந்து இறுகிய சீலில் சில மாதம் ஒழுகலை மறைக்கும், கிழிந்த சீலில் ஒன்றும் செய்யாது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய எண்ணெயையும் நம்ப வேண்டாம். கையேட்டில் டெக்ஸ்ரான் 3 என்ற கியர் ஆயில் தரம் இருந்தால் கவனம்: ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரோடு விற்கும் டப்பாவுக்கு அதைத் தயாரித்தவர் சொல்லைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை.

கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து, என்ஜின் ஓடும்போது சிவப்பாகச் சொட்டினால் பெரும்பாலும் பம்ப் சீல்தான் போயிருக்கும். அப்போதும் கேட்க வேண்டியது சீலும், அதற்குள் கன்வர்ட்டர் கழுத்தைத் தாங்கும் வளையமான புஷ்ஷும், கன்வர்ட்டர் கழுத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதும்தான். புஷ் தேய்ந்திருந்தால் புது சீலும் சீக்கிரம் ஒழுகும். இறக்கியது இறக்கியாச்சு, என்ஜினின் பின் சீலையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

சீல் மாற்றியபின் இரண்டு மூன்று நாள் அட்டையில் சொட்டு விழுந்தால் பதற வேண்டாம், மடிப்புகளில் தங்கிய பழைய எண்ணெய் வடியும். மறுபடி கழுவித் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த நாள் காலை அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.