சிலிண்டர் மாட்டிய தேதி

சமையல் எரிவாயு விலையைப் பற்றி வேலூர் வட்டாரத்திலிருந்து கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மாதம் ஒன்றாம் தேதியானால் ‘சிலிண்டர் விலை குறைந்தது’ என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு ரசீதில் மட்டும் ஒரு பைசாவும் குறைவதில்லையே, ஏன்?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அந்தச் செய்தி பெரும்பாலும் ஓட்டல்களும் டீக்கடைகளும் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டரைப் பற்றியது. நாம் பயன்படுத்தும் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி என்பதால், சவுதி அரேபியாவின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் விலையும் டாலரின் மதிப்பும் சேர்ந்து வணிக சிலிண்டரின் விலையை மாதம் தவறாமல் அசைக்கின்றன. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரின் விலையோ பல மாதங்கள் அசையாமல் கிடந்து, திடீரென்று ஒருநாள் ஏறும் அல்லது இறங்கும். சென்னை விலை 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசாக இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தன. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. வேலூரில் லாரி வாடகைக்கேற்பச் சில ரூபாய் வேறுபடும். வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்த மானியமும் 2020 மே மாதத்துக்குப் பிறகு ஏழைப் பெண்களுக்கான மத்திய அரசின் உஜ்வலா திட்ட இணைப்பு இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய நின்றுபோயிற்று என்பதால், ரசீதில் உள்ள தொகைதான் இப்போது உங்கள் உண்மையான செலவு.

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறேன், வாரக் கூலி. வீட்டில் ஐந்து பேர். சிலிண்டர் 35 நாளைக்குமேல் வருவதில்லை. மாமியாருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் குளிக்க வெந்நீரும் கேஸ் அடுப்பில்தான் வைக்கிறேன். சிலிண்டர் வரும் வாரத்தில் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன வழி?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. கூலி வாரவாரம் சில்லறையாக வருகிறது. சிலிண்டருக்கோ ஐந்து வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பணம் எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு சிலிண்டரை 900 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொண்டால், 35 நாளுக்கு, நாளொன்றுக்கு 26 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கூலி கைக்கு வந்த அன்றே 180 ரூபாயை எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். சிலிண்டர் மாட்டிய தேதியையும் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டுக் குறியுங்கள். எத்தனை நாள் வந்தது என்பதை நினைவிலிருந்து சொல்லும்போது நாம் எல்லோருமே நாலைந்து நாள் கூட்டியோ குறைத்தோதான் சொல்கிறோம்.

இனி வெந்நீருக்கு வருவோம், ஏனெனில் பணம் கரையும் இடம் அதுதான். ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 45 கிராம் எரிவாயு ஆகிறது. அதன் விலை மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மூன்று வாளிக்கு நாளொன்றுக்கு 135 கிராம். உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எரிவதே 400 கிராம் அளவுதான் என்னும்போது, மூன்றில் ஒரு பங்கு சோற்றுக்கும் குழம்புக்கும் அல்லாமல் குளியலறைக்குப் போகிறது. மார்கழி, தை மாதங்களில் மாமியாருக்கு வெந்நீர் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் நம் ஊர் வெயில் ஊரறிந்தது. காலையில் நீர் நிரப்பிய கறுப்பு நிறப் பிளாஸ்டிக் குடங்களை மூடி மொட்டை மாடியில் வைத்தால், வருடத்தில் பாதி நாளாவது மாலைக் குளியலுக்கு அடுப்பே வேண்டியிருக்காது. புறக்கடை உள்ளவர்கள் வேலிக்காத்தான் விறகில் வெந்நீர் அண்டாவை ஏற்றலாம். அதை வெளியில் மட்டும் செய்யுங்கள், ஏனெனில் அந்தப் புகையிலிருந்து விடுபடத்தானே கேஸ் அடுப்புக்கே வந்தோம்?

அரிசியையும் துவரம்பருப்பையும் அரைமணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் ஏற்றுவதும், முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைப்பதும் நீங்கள் அறிந்தவையே. கேழ்வரகுக் களி கிண்டும் வீடானால், உலை மூடியோடு கொதிக்கட்டும். மாவைப் போட்ட பிறகு மூடியைத் திறந்தால் போதும்.

கேள்வி: பேசாமல் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிவிடலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: பதில் உங்கள் மின் மீட்டரில் இருக்கிறது. ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய, எங்கள் கணக்குப்படி ஏறத்தாழ 130 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்குள் நிற்கும் சிறு குடும்பத்துக்கு யூனிட் ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிடுவதால், 650 ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும், இது லாபம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போகும். அதோடு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் கைநழுவும். ஏசி ஓடும் வீட்டில், சித்திரை மாதத்தில் இந்த அடுப்பு கேஸைவிடச் செலவு வைக்கும். பால் காய்ச்சவும் தேநீருக்கும் அதை வைத்துக்கொண்டு, மற்றதைக் கேஸில் செய்வதே நடுத்தர வீடுகளுக்குப் பொருந்தும். அலுமினியப் பாத்திரங்கள் அதில் சூடேறா என்பதால், புதுப் பாத்திரங்களின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: கேஸ் விலையைச் சொல்லித்தான் டீ விலையை ஏற்றுகிறார்கள். நியாயமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: பாதி நியாயம். வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், கடைக்காரரின் சிலிண்டருக்கோ 18 சதவீதம். ஆயினும் ஒரு டீக்கு எரியும் கேஸின் விலை, நாள் முழுவதும் பாய்லர் எரிவதைச் சேர்த்தாலும், பாலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. வணிக சிலிண்டர் விலை இறங்கிய மாதங்களில் டீ விலை இறங்கி நாம் பார்த்ததுமில்லை. உங்கள் ஊர்ப் பிரியாணி விறகடுப்பில் தம் போடப்படும் இடங்களில், இந்தக் காரணத்தையாவது சொல்ல மாட்டார்கள் என்று நம்புவோம்.

கேள்வி: சிலிண்டர் கொண்டுவருபவர் ரசீதுக்கு மேல் 50 ரூபாய் கேட்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த முறை தாமதமாகிறது. எடையிலும் சந்தேகமாக இருக்கிறது.
– வாசகி, ஆற்காடு

பதில்: வீட்டு வாசல்வரை கொண்டுவந்து தருவதற்கான கட்டணம் ரசீதுத் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, அதற்குமேல் கேட்க உரிமை இல்லை. முப்பது கிலோவைத் தோளில் சுமந்து மூன்றாம் மாடி ஏறியவருக்கு நாமாக மனமுவந்து கொடுப்பது வேறு, கேட்டு வாங்குவது வேறு. இந்த முறையே தொடர்ந்தால் 1800-2333-555 என்ற கட்டணமில்லா எண்ணில், ரசீது எண்ணைச் சொல்லிப் புகார் பதியலாம். எடையைப் பொறுத்தவரை, சிலிண்டரின் மேல்புறத்தில் காலி எடை பொறித்திருக்கும். அத்துடன் 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை. கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும் என்பது விதி. பணம் கொடுக்கும் முன்பே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை கேட்ட வீட்டில் மறுமுறை அவராகவே தராசை எடுப்பார்.

கேள்வி: ஒற்றை சிலிண்டர்தான் இருக்கிறது. தீரப்போவதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?
– வாசகி, பள்ளிகொண்டா

பதில்: ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடைத்துவிட்டு, இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். திரவம் உள்ள மட்டம்வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் உலர்ந்துவிடும். இடையில் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோடு அடியிலிருந்து நான்கு விரற்கடைக்கு இறங்கியதும் பதிவு செய்துவிடுங்கள்.