கருப்பனுக்கு இரண்டாவது சங்கிலி வேண்டாம்

கேள்வி: அக்கா, பாலக்காட்டில் எருத்தேம்பதி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. ஆறு வெள்ளாடு, பத்துப் பதினைந்து கோழி, ஒரு பூனை, கருப்பன் என்று ஒரு நாய். மீதி நேரத்தில் பனையோலைப் பெட்டி முடைந்து விற்கிறேன். போன ஐப்பசியில் இடி இடித்தபோது கருப்பன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கழுத்தில் காயத்தோடு வந்தான். மஞ்சள் வைத்துக் கட்டினேன், ஆறிவிட்டது. இந்த வருஷம் இரட்டைச் சங்கிலி போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மழைக்காலத்தில் முடையும் பெட்டியெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. இடி இடித்தால் மாமியார் கடப்பாரையைத் தூக்கி வாசலில் போடுகிறார். என்னதான் செய்வது?

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கழுத்துக் காயம். சங்கிலி அறுத்ததா, வேறு நாய் கடித்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாள் ஊர் சுற்றிய நாய். வெறிநோய் வெளியே தெரிய மாதக்கணக்கில்கூட ஆகலாம். கருப்பனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொல்லி, ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள். வெறுங்கையால் மருந்து வைத்த நீங்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். காயம் ஆறிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது சங்கிலி. ஒன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம். பயந்த நாயைக் கட்டினால் பயம் குறையாது. இழுத்து இழுத்துக் கழுத்துதான் அறுபடும். அவனுக்கு வேண்டியது ஒரு பொந்து. கான்கிரீட் போட்ட அறையில், கட்டிலுக்கு அடியில், ஒரு பழைய சேலையை நாலு பக்கமும் தொங்கவிடுங்கள். வெயில் அடிக்கும் நாளிலேயே சோற்றை அங்கே வைத்துப் பழக்குங்கள். இடி வரும் நாளில் புதிதாகக் கொண்டுபோய்த் திணித்தால் அதையும் தண்டனை என்றுதான் நினைப்பான். ஜன்னலைச் சாத்தி, போனில் ஏதாவது பாட்டுப் போடுங்கள். அந்த நேரத்தில் சார்ஜில் மட்டும் இருக்கக் கூடாது. தடவிக் கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பழகாது, தாராளமாகத் தடவுங்கள். அதற்கும் அடங்காமல் நடுங்கினால் டாக்டர் மாத்திரை எழுதித் தருவார். நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். பூனைக்குப் பாரசிட்டமால் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.

நாயைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், ஆடுகள் எங்கே நிற்கும் என்று ஒரு வரி இல்லை. என் ஊகம், தென்னையில்தான் கட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். ஒரு துலா (ஐப்பசி) மழையன்று, ஈன்று மாதம் ஆகாத ஒரு செம்மறியைப் பிடிக்க நேரமில்லாமல் தென்னையடியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மரத்தில் குருத்து மட்டும் கருகியது. ஆடு நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தது, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். மரத்தில் இறங்கும் மின்சாரம் அடியில் நின்றுவிடாது, ஈர மண்ணில் சுற்றிலும் பரவும். மரத்திலிருந்து தள்ளிப்போகப் போக அதன் அழுத்தம் குறைகிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே இருக்கும் அந்த வித்தியாசம்தான் உடம்புக்குள்ளே பாய்கிறது. இரண்டு காலை ஒட்டி நிற்கும் மனுஷனைவிட நாலுகால் ஜீவனுக்கு அடி அதிகம். கம்பி வேலியை ஒட்டிக் கட்டினாலும் இதே கதிதான்.

நம் பக்கத்தில் ஒரு வசதி, இந்த இடி பெரும்பாலும் நேரம் பார்த்துத்தான் வரும். பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான் கவனம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறது. ஆகவே ஐப்பசி முழுக்க மேய்ச்சலைக் காலையிலேயே முடித்து, ஒன்றரைக்கெல்லாம் ஆட்டைக் கொட்டகையில் அடையுங்கள். மத்தியானத் தூக்கம் அதற்கு அப்புறம். போனில் தாமினி செயலியைப் போட்டுவையுங்கள். 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டும். போன் இல்லாத அத்தைக்கு ஒரு கணக்கு: மின்னலைப் பார்த்ததும் எண்ண வேண்டும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி ஆகும். முப்பதை எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே. கடைசி இடிக்கு அப்புறம் அரைமணி நேரம் யாரும் வாசலில் இறங்கக் கூடாது. நனைந்த துணி கொடியில் கிடந்தால் கிடக்கட்டும்.

கோழிக்கு ஒன்றுதான். தரையில் போட்ட உமி நனைந்து கட்டிதட்டவிடாதீர்கள், இரத்தக் கழிச்சல் அங்கிருந்துதான் வரும்.

இனி ஓலை. மழைக்காலத்தில் ஓலை வெட்டிப் பதப்படுத்த நினைப்பதுதான் தப்பு. வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், நரம்பில் ஈரம் நிற்கும். முடைந்து அடுக்கிய பத்தாம் நாள் கரும்புள்ளி. குருத்தோலையை மாசி, பங்குனியிலேயே வாங்கி, கிழித்து, நம் கணவாய்க் காற்றிலேயே மொடமொடவென்று காயவிடுங்கள். கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினால் புகையே காவல். கேஸ் அடுப்பு மட்டும்தான் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். மழையில் இருப்பை எடுத்து முடைந்தால் போதும். வளைவதற்காக ஓலையை ஈரத்துணியில் சுற்றுவீர்கள் அல்லவா, அந்த ஈரம் போக, முடித்த பெட்டியை ஒரு ராத்திரி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஈரத்தின் மேல் வார்னிஷ் அடிப்பது பூஞ்சையை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை. ஏற்கெனவே பிடித்த பெட்டியை வினிகர் நனைத்த துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். பூஞ்சை போகும், கறை போகாது. அதை விற்க வேண்டாம், பூனைக்குக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் பாதி ஏற்கெனவே அதற்குத்தான் போயிருக்கும்.

அத்தையின் கடப்பாரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பாட்டி அரிவாளை எறிந்துவிட்டு ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்பாள். கீழே கிடக்கும் இரும்பு இடியை இழுக்கவும் இழுக்காது, தடுக்கவும் தடுக்காது. ஆபத்து எங்கே என்றால், அதைக் கையில் தூக்கிக்கொண்டு இடிக்கிற நேரத்தில் வாசலுக்கு ஓடுவதில். வயசானவரோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள். ஒன்றரை மணிக்கு ஆட்டை அடைத்த கையோடு கடப்பாரையையும் நீங்களே வாசலில் போட்டுவிடுங்கள். அர்ஜுனனை உள்ளே உட்கார்ந்து கூப்பிட்டுக்கொள்ளட்டும்.