கல்லில் போட்டுப் பாருங்கள், அப்புறம் திட்டுங்கள்

கேள்வி: என் 15 வயது மகளுக்கு சீலியாக் நோய் என்று 3 மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாது. தினமும் காலையில் இங்கிலீஷ் மஃபினுக்குள் முட்டை வைத்துச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை. குளூட்டன் இல்லாத மஃபின் ஒரு பாக்கெட் வாங்கினேன். ஃபிரிட்ஜில் 2 நாள் இருந்ததை எடுத்து, லேசாகச் சூடாக்கிக் கொடுத்தேன். "அம்மா, மணலும் ரப்பரும் கலந்த மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். 4 மஃபினுக்கு 7 டாலர்! நான் வாங்கியதுதான் மோசமா, இல்லை எல்லாமே இப்படித்தானா?
- ஸ்காபரோ (கனடா) வாசகி

பதில்: பாதிக் குற்றம் மஃபினுடையது, மீதி உங்கள் ஃபிரிட்ஜுடையது.

இங்கிலீஷ் மஃபின் ஊத்தப்பத்துக்குச் சொந்தக்காரன். தளர்ந்த மாவை வளையத்துக்குள் விட்டு, சூடான கல்லில் இரண்டு பக்கமும் வேகவிட்டு எடுப்பார்கள். பிட்டால் உள்ளே குழிகுழியாக இருக்கும், வெண்ணெய் போய்த் தேங்குவது அந்தக் குழிகளில்தான். நொதிக்கும் மாவில் எழும் காற்றைப் பிடித்துவைப்பது கோதுமையில் உள்ள குளூட்டன். அதை எடுத்துவிட்டால் காற்று நிற்காது. கோதுமையே இல்லாத இட்லி உப்புவதற்கு உளுந்தின் வழவழப்பு கைகொடுக்கிறது. மஃபின் தொழிற்சாலையில் அந்த வேலையைச் சாந்தான் பிசினும் இசப்கோல் உமியும் பார்க்கின்றன. பார்க்கின்றன, ஆனால் உளுந்து அளவுக்கு இல்லை. அதனால் உங்கள் மகள் தேடும் குழிகள் எந்தப் பாக்கெட்டிலும் முழுசாகக் கிடைக்காது. இதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மணலும் ரப்பரும் எங்கிருந்து வந்தன என்பதைப் பாக்கெட்டின் பின்பக்கமே சொல்லும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தித்தான் அச்சிட வேண்டும். முதலில் அரிசி மாவு, அதிலும் பழுப்பரிசி மாவு இருந்தால் நாக்கில் நறநறப்பு தட்டும், சீக்கிரம் உதிரும். மரவள்ளி மாவு முதலில் இருந்தால் ஜவ்வரிசியின் குணம் வந்துவிடும்: நன்றாக வாட்டினால் இழுவையாக, சுவையாக இருக்கும், அரைகுறையாக வாட்டினால் பல்லில் ஒட்டும். இரண்டும் கலந்து, முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்திருந்தால் கொஞ்சம் பஞ்சு மாதிரி எழும்பும். என் ஓட்டு இதற்குத்தான். வாங்கும்போது ஒரு மஃபினின் எடையையும் பாருங்கள். சில சின்னதாக, கனமில்லாமல் இருக்கும். முட்டையை வைத்தால் மஃபின் கண்ணில் படாது.

இனி ஃபிரிட்ஜ். நேற்றைய சோற்றை அதில் வைத்து எடுத்தால் ஒவ்வொரு பருக்கையும் விறைத்து நிற்கிறதல்லவா? வெந்த மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகும். ஃப்ரீசரில் உறைந்த பிறகு அது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. குளூட்டன் இல்லாத மஃபின் ஏறக்குறைய முழுக்கவே மாவுச்சத்து. கடையில் அதை ஃப்ரீசரில் வைத்து விற்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டிலும் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். இறுகிய மாவுச்சத்தை இளக்குவது சூடு. அதனால் "லேசாகச் சூடாக்கி" என்பது போதாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். என் வீட்டிலும் ஒருவருக்கு இதே நோய்தான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த மஃபினை மைக்ரோவேவில் 20, 25 விநாடி வைப்பேன். விரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும், அவ்வளவுதான். கத்தியைத் தொடாமல் முள்கரண்டியால் சுற்றிலும் குத்திப் பிரிப்பேன். கத்தி வெட்டினால் முகம் வழவழவென்று ஆகிவிடும். கரண்டி பிளந்தால் சொரசொரப்பு மிஞ்சும், அந்தச் சொரசொரப்புதான் மொறுமொறுக்கும். அப்புறம் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி, பிளந்த பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மேலே ஒரு கிண்ணத்தை வைத்து அமுக்கி, ஓரம் நன்றாகப் பழுப்பாகும்வரை விடுவேன். திருப்பியும் ஒரு நிமிடம். டோஸ்டர் என்றால் 2 முறை அழுத்த வேண்டியிருக்கும்.

கவனம்: அது சப்பாத்தியோ கோதுமை தோசையோ சுடும் கல்லாக இருக்கக் கூடாது. மற்றவர்கள் கோதுமை ரொட்டி வாட்டும் டோஸ்டரும் கூடாது. உள்ளே கிடக்கும் கோதுமைத் துகளே அவளைப் பாதிக்கப் போதும். மகளுக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

சூட்டோடு சாப்பிடச் சொல்லுங்கள். ஆறினால் மறுபடி விறைக்கும். பள்ளி மதிய உணவுக்கு இந்த மஃபின் சரிப்படாது, அங்கே இடியப்பமே மேல். அடுத்த முறை ஒரே ஒரு பாக்கெட் வாங்கி இப்படிச் செய்துபாருங்கள். அப்போதும் தள்ளிவைத்தால் வேறு வகைக்கு மாறுங்கள்.

கேள்வி: எசேக்கியேல் 4:9 என்ற முளைகட்டிய தானிய மஃபினில் "மாவு சேர்க்காதது" என்று போட்டிருக்கிறதே. சீலியாக் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

பதில்: கூடவே கூடாது. மாவாக அரைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். உள்ளே இருப்பது முளைகட்டிய கோதுமையும் பார்லியும். முளைவிட்டாலும் குளூட்டன் போய்விடாது. அதே நிறுவனம் பழுப்பரிசியில் குளூட்டன் இல்லாத மஃபினும் செய்கிறது. அதனால் பெயரைப் பார்த்துக் கையில் எடுக்காதீர்கள். கனடாவில் "குளூட்டன் ஃப்ரீ", பிரெஞ்சுப் பக்கத்தில் "சான் குளூட்டென்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படிப் போட்டால் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

கேள்வி: இந்தச் சாமான்களின் விலையை வரியில் கழிக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான், ஆனால் முழு விலையை அல்ல, வித்தியாசத்தை மட்டும். கனடா வரித்துறை அதை மருத்துவச் செலவாக ஏற்கிறது. குளூட்டன் இல்லாத மஃபின் ஒன்று 1.75 டாலர், சாதாரணமானது 60 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.15. வாரத்துக்கு 5 என்றால் வருடத்துக்கு 260 மஃபின், 299 டாலர். ரொட்டி, பாஸ்தா, மாவு எல்லாவற்றுக்கும் இப்படியே பட்டியல் போட வேண்டும். சீலியாக் இருப்பதால் இந்த உணவு அவசியம் என்று மருத்துவர் எழுதிய கடிதமும், ரசீதுகளும் கையில் இருக்க வேண்டும்.

மஃபினை மட்டும் வைத்துப் பலன் வராது. பல், கண்ணாடி, மருந்து என்று குடும்பத்தின் மருத்துவச் செலவெல்லாம் சேர்ந்து, நிகர வருமானத்தில் 3 சதவீதம் அல்லது அந்த வருடத்துக்கு அரசு வைத்திருக்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால்தான் தாண்டிய பகுதிக்குச் சலுகை. இன்னொன்று: வீட்டில் மற்றவர்களும் அந்தப் பாக்கெட்டில் கைவைத்தால், நோய் உள்ளவர் சாப்பிட்ட பங்குக்கு மட்டுமே கணக்கு எழுத முடியும்.