சாக் பேனிக்: லினக்ஸ் சர்வரைப் படுக்க வைத்த ஓட்டை – கேள்வி பதில்

கல்லூரி மாணவி: அண்ணா, 2019இல் 'சாக் பேனிக்' என்று ஒன்று வந்ததாமே, என்ன அது?

பதில்: லினக்ஸின் மையமான கர்னலில், இணையத் தரவைத் துண்டு துண்டாக அனுப்பிப் பெறும் டிசிபி பகுதியில் இருந்த ஓட்டை. அதை வைத்து வெளியிலிருந்தே சர்வரை விழ வைக்கலாம். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2019-11477. நெட்ஃபிளிக்ஸின் ஜொனாதன் லூனி கண்டுபிடித்தார், ஜூன் 17 அன்று வெளியிட்டார்கள். 2.6.29 பதிப்பிலிருந்தே, அதாவது பத்து வருடமாக உள்ளேயே கிடந்திருக்கிறது. லாகின்கூட வேண்டாம், திறந்த போர்ட் ஒன்று போதும்.

புரோகிராமர்: எப்படி விழுகிறது? கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்லுங்களேன்.

பதில்: சாக் என்பது டிசிபியின் ஒரு வசதி, நல்ல வசதிதான். எது வந்தது, நடுவில் எது வரவில்லை என்று பெறும் பக்கம் சொல்லும். விட்டுப்போனதை மட்டும் திருப்பி அனுப்பலாம். வந்து சேர்ந்ததாகச் சொன்னவற்றை லினக்ஸ் ஒரே கட்டாக இணைத்து, அதில் எத்தனை துண்டு என்று எண்ணி வைக்கும். எண்ணிக்கைக்கு ஒதுக்கியது 16 பிட், 65535 வரைதான். ஒரு கட்டில் அதிகபட்சம் 17 நினைவகப் பகுதி, எக்ஸ்86இல், அதாவது வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளில், ஒவ்வொன்றும் 32 கேபி. வழக்கமான துண்டு அளவில் அந்த எல்லை எட்டவே எட்டாது. தாக்குபவரோ இணைப்பின் தொடக்கத்திலேயே எம்எஸ்எஸ், அதாவது துண்டின் உச்ச அளவு, 48 பைட் என்கிறார். டிசிபி ஆப்ஷன்களுக்கு 40 போனால் தரவுக்கு மிஞ்சுவது 8. போட்டுப் பாருங்கள்: 17 × 32768 ÷ 8 = 69632. பைக் மீட்டர் போல எண் சுற்றி மறுபடி சுழியத்திலிருந்து ஓடும். அப்புறம் கணக்கு உதைக்க, அதைச் சரிபார்த்து, தப்பென்றால் நிறுத்து என்று சொல்லும் பக்_ஆன் வரி கர்னலையே நிறுத்திவிடும். இதுதான் 'பேனிக்'. வெளி ஆள் ஆட்டி வைக்கக்கூடிய கணக்கின்மேல் பக்_ஆன் போடவே கூடாது என்பது என் கட்சி.

அலுவலக அட்மின்: தரவு திருட்டு இல்லையே சார், மெதுவாக அப்டேட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சர்வர் எழுந்ததும் அதே பாக்கெட்டுகளை அனுப்பினால் மறுபடி விழும். திருத்தம் வந்த பதிப்புகள் 4.4.182, 4.9.182, 4.14.127, 4.19.52, 5.1.11. உபுண்டு, ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பழைய பதிப்பு எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்திருப்பார்கள். அவர்களுடைய அறிவிப்பைப் பாருங்கள். பேக்கேஜை ஏற்றிவிட்டு ரீபூட் செய்யாமல் விடுபவர்கள் நிறைய. ஓடும்போதே கர்னலைத் திருத்தும் லைவ் பேட்ச் இல்லையென்றால் ஓடுவது பழைய கர்னல்தான்.

இன்னொருவர்: இப்போது ரீபூட் முடியாதே?

பதில்: சரி, சாக் வசதியை அணைக்க டிசிபி_சாக் அமைப்பை 0 ஆக்குங்கள். பாக்கெட் தொலையும் லைனில் வேகம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்கர் பயனர்: என் ஆப் கண்டெய்னரில் இருக்கிறது. தப்பித்தேனா?

பதில்: இல்லை. கண்டெய்னருக்குத் தனிக் கர்னல் கிடையாது, அது ஓடும் கணினியான ஹோஸ்டுடையதுதான், பக்கத்துக் கண்டெய்னர்களும் சேர்ந்தே போகும்.

ஃப்ரீபிஎஸ்டி பயனர்: எங்களுடையது லினக்ஸ் இல்லை, வேறு இயங்குதளம். எங்களுக்கு?

பதில்: இந்த பேனிக் இல்லை. 12ஆம் பதிப்பில், ராக் என்ற மாற்று டிசிபி நிரலில் வேகத்தைக் குறைக்கும் வேறொரு குறை, சிவிஇ-2019-5599, அதே அறிவிப்பில் வந்தது. நீங்களாக ராக்கை இயக்கியிருந்தால் மட்டும் கவனியுங்கள்.