அது ஒரு பக்கம் ஓடுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 27. காவேரிப்பட்டணம் பக்கத்தில் கிராமம். அப்பா மூன்று ஏக்கர் மாந்தோப்பை அடமானம் வைத்தும், பேங்கில் லோன் போட்டும் என்னை வடக்கே ஒரு பள்ளியில் பைலட் படிப்புக்கு அனுப்பினார். செஸ்னா 172-ல் 200 மணி நேரம் முடித்து, கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மூன்று ஏர்லைன்ஸ் தேர்வு எழுதினேன், அமையவில்லை. நான் படித்த பள்ளியிலேயே இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் (பறக்கச் சொல்லிக்கொடுப்பதற்கான தகுதி) முடித்தால் உதவிப் பயிற்றுநராக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அந்த ரேட்டிங்குக்கும் சில லட்சம் ஆகும். பெரியப்பா மகன், “பிளேன் ஓட்டப் போறேன்னு போனவன், வாத்தியாராவா வரப்போற?” என்று சிரிக்கிறான். பெண் பார்க்கும் இடத்தில் “ஏர்லைன்ஸா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஓசூரில் ஏர்போர்ட் வரப்போகிறது, பொறுத்திரு என்கிறார் மாமா. லோன் டியூவை அப்பா பாதி, தங்கச்சி பாதி கட்டிவிடுகிறார்கள். அவள் பி.எஸ்சி.யைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள், அது ஒரு பக்கம் ஓடுகிறது. என் கவலையெல்லாம், இன்ஸ்ட்ரக்டராகப் போனால் அங்கேயே சிக்கிக்கொள்வேனா? அது ஒரு கேரியர்தானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் விமானத்தின் பெயர் இருக்கிறது, நம்பரோடு. பெரியப்பா மகனின் கேலி ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் இருக்கிறது. தங்கையின் பெயர் இல்லை. வயது இல்லை. என்ன பி.எஸ்சி., எந்த வருடத்தில் நிறுத்தினாள், அதுவும் இல்லை. அவளுக்கு நீங்கள் கொடுத்தது ஒரு வரி. அதையும் ‘அது ஒரு பக்கம் ஓடுகிறது’ என்று முடித்துவிட்டீர்கள்.

கிணற்று மோட்டாரைப் பற்றி அப்படிச் சொல்லலாம். ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்தால் அது பாட்டுக்கு ஓடும். அதற்குக்கூடக் காயில் கருகிவிடாமல் நடுவில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று தோப்பு வைத்திருக்கும் உங்கள் அப்பாவுக்குத் தெரியும்.

அவள் எந்த ஷிஃப்ட்? கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வருகிறது? நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள்? பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வருகிறது? அதில் தனக்கென்று எவ்வளவு வைத்துக்கொள்கிறாள்? இந்த ஐந்துக்கும் யாரையும் கேட்காமல் உங்களால் பதில் எழுத முடியுமா?

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. குரூப் ஒன் எழுதிக்கொண்டே இருக்கும் அண்ணன், நீட்டுக்கு மூன்றாவது முறை உட்காரும் தம்பி, சினிமாவில் சான்ஸ் வரும் என்று சென்னையில் அறை எடுத்திருக்கும் மகன். ஒவ்வொரு வீட்டிலும் பின்கட்டில் ஒருத்தி தையலுக்கோ கம்பெனிக்கோ போய்க்கொண்டிருப்பாள். உங்கள் கடிதத்தில் விமானம் மட்டும்தான் புதிது. நானும் என் சம்பளத்தில் ஒரு தம்பியைப் படிக்க வைத்தவள்தான். அவன் ‘அது ஒரு பக்கம் ஓடுது’ என்று ஒருநாள் சொல்லியிருந்தால் அன்று ராத்திரி அவனுக்குச் சாதம் போட்டிருக்க மாட்டேன்.

உன் அம்மா வயது எனக்கு. இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் 200 மணி நேரத்தில் 100 மணி நேரம் விமானத்துக்கு நீயே பொறுப்பாக, கமாண்டராகப் பறந்த கணக்கு. மீதியில் பெரும்பாலும் உனக்கு வலப்பக்க சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், இல்லையா? எங்கள் தெருவில் அப்படி உட்கார்ந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். மாலையில் வாக்கிங் வரும்போது நான்தான் கேள்வி கேட்டு அவரை நிறுத்திவைப்பேன். “வெளியே பாக்குற மாதிரி இருக்கும்மா, ஆனா கண்ணு பையன் கையிலதான் இருக்கும். விரல் மூட்டு வெளுத்திருந்தா பயந்திருக்கான்னு அர்த்தம்” என்றார் ஒருநாள். இறங்கும்போது மாணவன் விமானத்தின் மூக்கை அவசரமாகத் தூக்குவான். உடனே பிடுங்கிக்கொண்டால் அவன் ஜென்மத்துக்கும் கற்றுக்கொள்ள மாட்டான். ஒரு நொடி கூடுதலாக விட்டால் விமானம் ஓடுபாதையில் மோதிக்கொள்ளும். அவன் தப்பை எதுவரைக்கும் விடலாம், எப்போது ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்று சொல்லி வாங்க வேண்டும் என்பதில்தான் அந்த வேலை முழுக்க இருக்கிறது என்பார். ஏ.சி. கிடையாது. மே மாத வெயிலில் அந்தச் சின்ன கேபினுக்குள், ஒரே தப்பைப் பத்தாவது பையன் பத்தாவது முறை செய்யும்போதும் குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்தே அவர் நிலைமையைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறாய். உன் வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, உனக்காக உழைக்கிறவளின் கையை நீ இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. இது கேரியரா என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்த சீட்டுக்கு நீ சரிப்படுவாயா என்பதுதான் எனக்கு வந்த சந்தேகம்.

சரி, கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். கேரியர்தான். அமெரிக்காவில் 2013-லிருந்து ஏர்லைன்ஸில் கோ-பைலட்டாக உட்காரவே பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும். அதனால் அங்கே லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர் நேராகப் பயிற்றுநராகத்தான் போகிறார்கள். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. நம் நாட்டில் 200 மணி நேரத்திலேயே ஏர்லைன்ஸ் எடுத்துக்கொள்வதால், ஏர்லைன்ஸ் எடுக்காதவன்தான் வாத்தியாராகிறான் என்ற எண்ணம் ஊறிவிட்டது. உன் பெரியப்பா மகன் தானாக யோசித்துச் சிரிக்கவில்லை, ஊர் சிரிப்பதைத்தான் சிரிக்கிறான். அதனாலேயே நல்ல பயிற்றுநர் கிடைக்காமல் பள்ளிகள் திண்டாடுகின்றன. பணம் கட்டிய பிள்ளைகள் விமானமும் ஆளும் சேர்ந்து கிடைக்கும் நாளுக்காக ஹாஸ்டலில் காத்துக் கிடக்கிறார்கள். படிக்கும்போது நீயும் அப்படிக் காத்திருந்திருப்பாய்.

முதலில் உதவிப் பயிற்றுநர், ஒரு பயிற்றுநரின் மேற்பார்வையில். அப்புறம் பயிற்றுநர். மணி நேரம் சேர்ந்து, அனுபவமும் சேர்ந்தால் தலைமைப் பயிற்றுநர் வரை போகலாம். சொல்லிக்கொடுத்துப் பறக்கிற நேரமும் உன் லாக் புக்கில் கமாண்டராகத்தான் ஏறும். ஏர்லைன்ஸில் கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு வேண்டிய 1500 மணி நேரத்தில் அது சேரும். ஆகவே ‘சிக்கிக்கொள்வேனா’ என்ற பயத்துக்கு வேலையே இல்லை. சிக்கிக்கொண்டிருப்பது இப்போதுதான். 2023-ல் விதியை மாற்றி லைசென்ஸை 10 வருடத்துக்குச் செல்லுபடியாக்கினார்கள் என்று நிம்மதியாக இருக்காதே. மெடிக்கல் வருடாவருடம் எடுக்க வேண்டும். பறக்காமல் இருந்தால் கை மறந்துபோகும். அந்த மெடிக்கல் செலவும் யார் சம்பளத்திலிருந்து போகிறது என்று நீ எழுதவில்லை. நானே ஊகித்துக்கொண்டேன்.

சம்பளத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதே. பல பள்ளிகளில் அடிப்படைத் தொகை கொஞ்சம், பறக்கிற மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. வடக்கே மார்கழி, தை மாதப் பனிமூட்டத்தில் பல நாள் காலையில் விமானத்தை வெளியே எடுக்கவே முடியாது. அந்த மாதம் பை மெலிந்துதான் இருக்கும். சேரும் முன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்.

மாமா சொன்ன ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டசபையில் அறிவித்தது 2024 ஜூனில். பெங்களூரு விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 2033 வரை இன்னொன்று வருவதற்கே தடை இருக்கிறது. பேசித் தீர்த்து முன்னாலேயே கட்டினாலும், வீட்டுக்குப் பக்கத்தில் ஏர்போர்ட் இருக்கிறது என்று எந்த ஏர்லைன்ஸும் பைலட் வேலை தராது. பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் ஓடுதளம் வருடக்கணக்காக இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் எல்லாம் கேப்டன் ஆகிவிட்டார்களா? மாமாவுக்கு டியூ இல்லை, அவர் பொறுத்திருக்கலாம்.

இப்போது அந்த ‘சில லட்சம்’. அதை யார் தருவது? தோப்பை மறுபடி தொடப் போகிறாயா? பெங்களூரா மாங்காய் பறிக்கிற கூலிக்காவது விற்குமா என்று சீசனுக்கு சீசன் பயந்துகொண்டிருக்கிற மனிதர் உன் அப்பா. தங்கச்சி கம்பெனியில் அட்வான்ஸ் கேட்பாளா? கேட்டால் கொடுப்பாள், அதுதான் எனக்குப் பயம். இந்த இரண்டு வழியிலும் நீ அந்த ரேட்டிங் எடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பள்ளியிடம் பேசு. இத்தனை வருடம் இருக்கிறேன், செலவைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேள். முடியாது என்றால் பெங்களூரில், பைலட் லைசென்ஸ் தரும் டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுக்குத் தயார் செய்யும் வகுப்புகளில் நேவிகேஷனும் வானிலைப் பாடமான மெட்டியராலஜியும் நடத்தப் போ. கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளை அதற்குக் கூப்பிடுகிறார்கள். முதல் மாதத்திலிருந்து காசு வரும். உனக்குச் சொல்லிக்கொடுக்க வருமா என்பதும் தரையிலேயே தெரிந்துவிடும். வராது என்றால் மேலே போய் இன்னொருவர் பிள்ளையை வைத்துப் பரிசோதிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் நீ எழுதவில்லை, நானே கேட்கிறேன். சேர்ந்த ஆறாவது மாதம் ஏர்லைன்ஸிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வாய்? அன்று உன் கையில் நான்கைந்து மாணவர்கள் பாதி வழியில் இருப்பார்கள். அவர்கள் அப்பாக்களும் ஏதோ ஒரு தோப்பை அடமானம் வைத்தவர்கள்தான். புது ஆள் வந்தால் அவர் தன் திருப்திக்குப் பழைய பாடத்தைத் திரும்பப் பறக்க வைப்பார், அந்த மணிக்கெல்லாம் பணம் அவர்கள்தான் கட்ட வேண்டும். கையில் இருக்கும் பிள்ளைகளின் லைசென்ஸ் முடியும்வரை இருப்பேன் என்று சொல்ல முடிந்தால் போ. வாத்தியார் வேலையைப் பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச் மாதிரி நினைப்பவர்களை எனக்குப் பிடிக்காது, அது பள்ளிக்கூடமானாலும் சரி, விமானமானாலும் சரி.

தங்கச்சி விஷயத்தில் நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். ‘கல்யாணத்துக்கு நல்லா சீர் செய்துவிடுவேன்.’ செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளிடமிருந்து போனது நகை இல்லையே. ஒரு நோட்டு வாங்கி, அவள் கட்டிய டியூவை மாதம் போட்டு எழுது. அதை அவளிடமும் காட்டு. ‘நமக்குள்ள என்னண்ணா கணக்கு’ என்பாள், கேட்காதே. உனக்கு முதல் சம்பளம் வருகிற மாதம் அவள் பங்கு டியூ உன் கணக்குக்கு மாறட்டும். அவள் படித்த கல்லூரிக்குப் போய், நிறுத்திய இடத்திலிருந்து சேர என்ன வழி என்று நீயே கேட்டு வா. திரும்பப் படிப்பதா, கம்பெனியிலேயே இருப்பதா என்பதை அவள் சொல்லட்டும். வேலை அவளுக்குப் பிடித்துப்போயிருக்கலாம், யார் கண்டது? நீயும் கேட்டதில்லையே.

கல்யாணப் பேச்சைப் பற்றியும் எழுதியிருந்தாய். பெண் வீட்டார் “ஏர்லைன்ஸா?” என்று கேட்டால், லோன் இவ்வளவு, அதில் பாதியை என் தங்கை கட்டுகிறாள் என்று முதலிலேயே சொல். எழுந்து போகிறவர்கள் போகட்டும், காபி செலவோடு முடியும். இல்லையென்றால், அந்த டியூ உன் பெயருக்கு மாறும்வரை உன் ஜாதகத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. தங்கச்சியுடையதை அவளைக் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்.