சத்தம் குறைந்த தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எனக்குத் தோட்டம் இருக்கிறது. அப்பா காலத்து .315 ரைபிள், இப்போது என் பெயரில் லைசென்ஸ். சுட்டால் மாடுகள் மிரள்கின்றன, பக்கத்துத் தோட்டத்தார் சண்டைக்கு வருகிறார்கள். வெடிமருந்தைக் குறைத்து நாமே தோட்டா நிரப்பினால் சத்தம் குறையும் என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன். அடுத்த முறை வரும்போது நிரப்பும் கருவியும் கொண்டுவருகிறானாம். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். சிக்கல் வருமா?

பதில்: வரும், பெரிய சிக்கலாகவே வரும். அக்கா மகனுக்கு இன்றே போன் போட்டு, அந்தக் கருவியை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். ரைபிளையும், அதில் குறித்த எண்ணிக்கைக்குள் தோட்டாவையும் வாங்க, வைத்திருக்க, எடுத்துப் போகத்தான் அது. தோட்டா தயாரிக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி தனி உரிமம் வேண்டும். 'பழைய கூட்டைத்தானே நிரப்பினேன்' என்று நீங்கள் சொல்லலாம். கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு மூன்றையும் புதிதாக வைத்து அடைத்தால் அது தயாரிப்பு என்றுதான் அரசுத் தரப்பு வாதிடும். அதை முறியடிப்பது கஷ்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 25(1) பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். மருந்தின் அளவு குறைவு என்பது அங்கே எடுபடாது. ஜாமீனுக்கே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை அலைய நேரலாம்.

கருவியும் அப்படித்தான். தோட்டாவின் பாகங்கள், தயாரிக்கும் இயந்திரம் எல்லாமே சட்டத்தின் 2-ஆவது பிரிவில் தோட்டாக் கணக்கில் வருகின்றன. உரிமமில்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் மாட்டுவது அந்தப் பையன்தான். சைலன்சர் யோசனையும் வேண்டாம். சட்டம் அதையே ஒரு துப்பாக்கியாகப் பார்க்கிறது. மருந்துக்காகப் பட்டாசுக்காரரையோ குவாரிக்காரரையோ தேடிப் போனால் வெடிபொருள் வழக்கும் சேரும். மருந்து போதாமல் குண்டு துப்பாக்கிக் குழாயிலேயே நின்று, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும், உயிருக்கே ஆபத்து.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. எதைச் சுடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. காட்டுப்பன்றி, மயில் தொல்லை என்றால், சத்தம் குறைந்த தோட்டாவைப் பார்த்ததும் வனத்துறை வேட்டை என்றுதான் எழுதும். மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. பயிர்ச் சேதத்தை வனச்சரகரிடம் போட்டோவோடு எழுதிக் கொடுத்து, இழப்பீட்டுக்கும் மனுப் போடுங்கள்.

குறி பார்த்துப் பழகத்தான் என்றால் ரைபிள் கிளப்பில் சேருங்கள். தோட்டத்தில் அக்கம்பக்கத்தார் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால், ஆயுதச் சட்டத்தின் 25(9) பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டில் பழக 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள் இருக்கிறது. குண்டு வெளிவரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாததாகப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். லைசென்ஸ் தேவையில்லை, மாடும் மிரளாது. ஆனால் அதை வைத்தும் பறவை, விலங்கைத் தொடக்கூடாது.

அப்புறம் அந்த வெற்றுக் கூடுகள். தூக்கி எறிய வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். தோட்டா வாங்கிய பில்களோடு எண்ணிச் சரிபார்த்து, வாங்கிய கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீதை லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.