சாப்பிட மட்டும்தான் உரிமையா?

கேள்வி: என் கணவர் போன வருடம் மாரடைப்பில் இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. இரண்டு பெண்கள், மூத்தவள் பத்தாவது, சின்னவள் ஏழாவது. அவர் பெயரில் கிரயம் வாங்கிய ஒரு ஏக்கர் இருக்கிறது. மாமனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய இரண்டு ஏக்கர் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அவரும் உயில் எழுதாமலே முன்பு காலமாகிவிட்டார். மாமியார் இருக்கிறார். அவருக்கு என் கணவரும் கொழுந்தனாரும் மட்டும்தான் பிள்ளைகள். "புருஷன் போன பொம்பளைக்கு விளைஞ்சதைச் சாப்பிடத்தான் பாத்தியதை, விற்க முடியாது, அம்மா வீட்டுக்குப் போனா அதுவும் கிடையாது, இதுதான் வழக்கம்" என்கிறார் கொழுந்தனார். இரண்டு லட்சம் தருகிறேன், பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் அண்ணி என்று திரும்பத் திரும்ப வருகிறார். என்ன செய்வது?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் சகோதரி. வெற்று முத்திரைத்தாளில் சும்மா ஒரு கையெழுத்து என்று கேட்டாலும் கூடாது. விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால், ஏமாற்றி வாங்கினார்கள் என்று கோர்ட்டில் நிரூபிக்கப் பல வருடம் அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் கொழுந்தனார் சொல்கிற வழக்கம் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குச் சோறும் துணியும் இருக்க இடமும்தான், பங்கு கிடையாது. 1937-ல் வந்த சட்டம் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது, ஆனால் ஆயுள் பாத்தியமாக மட்டும்; அவள் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது, அவள் காலத்துக்குப் பிறகு சொத்து கணவனின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். மறுமணம் செய்தால் அந்த உரிமையும் போய்விடும் என்று 1856-ம் வருடத்துச் சட்டம் சொன்னது. இதையெல்லாம் 1956 ஜூன் 17-ல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மாற்றிவிட்டது. அதன் 14-வது பிரிவுப்படி, கணவர் வழியாக வாரிசாக உங்களுக்கு வருகிற பங்குக்கு நீங்கள் முழு உரிமையாளர். விற்கலாம், அடமானம் வைக்கலாம், பெண்களுக்கு எழுதி வைக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அம்மா வீட்டில் இருந்தாலும், நாளைக்கு இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாலும் அது உங்களுடையதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். கணவர் வாங்கிய 100 சென்ட்டுக்கு நீங்கள், இரண்டு பெண்கள், மாமியார் என நான்கு பேர் சம வாரிசு, ஆளுக்கு 25 சென்ட். இதில் கொழுந்தனாருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. மாமனாரின் 200 சென்ட் மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார் என்று மூன்று பங்கு. கணவருக்குச் சேர வேண்டியது சுமார் 66 சென்ட், அதுவும் அதே நான்கு பேருக்கு. ஆக உங்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒன்றேகால் ஏக்கர் வருகிறது. அதற்குத்தான் இரண்டு லட்சம் பேசுகிறார்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள். உங்கள் மாமியாரும் கணவரை இழந்தவர்தானே? வழக்கம் என்று பிடிவாதம் பிடித்தால் பெற்ற தாயின் பங்கையும் சேர்த்தே அவர் மறுக்கிறார். மாமியாரை உங்கள் பக்கம் உட்காரவைத்துப் பேசுங்கள், அவருக்கு இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெண்கள் இருவரும் மைனர். அவர்கள் பங்கை, தாயே ஆனாலும், கோர்ட் அனுமதி இல்லாமல் நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. யார் அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு காரணத்தைச் சொல்லியே மறுத்துவிடலாம்.

உடனே செய்ய வேண்டியது, இ-சேவை மையத்தில் கணவருக்கும் மாமனாருக்கும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கணவருக்கான சான்றிதழில் இரண்டு பெண்கள் பெயரும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மூன்று ஏக்கருக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பட்டா மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். பட்டா இப்போது கொழுந்தனார் பெயரில் இருந்தாலும் பயப்பட வேண்டாம், பட்டா மட்டுமே உரிமையைத் தீர்மானிக்காது. அவர் உழுகிறார் என்பதாலேயே உங்கள் பங்கும் போய்விடாது. அதற்காக வருடக்கணக்கில் பேசாமலும் இருந்துவிடாதீர்கள்.

(நான் சொன்னது இந்துக்களுக்கான சட்டம். பிள்ளைகள் இருக்கும்போது கிறிஸ்தவ மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, முஸ்லிம் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.)

பேசியும் வழிக்கு வரவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குதான். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கிரயப் பத்திர நகல், இரண்டு இறப்புச் சான்றிதழ்களோடு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு இந்த வாரமே போய்வாருங்கள்.